கை பார்த்து இடம் மாற்றுபவன்

"கையக் காட்டு மாமா. அப்டியே திருப்பு."

யார் வந்தாலும் என் தம்பி பூபதி இப்படித்தான் ஆரம்பிப்பான். அவன் சோதிடன் அல்ல. கம்பெனிகளுக்கு ஆள் அனுப்பும் பொன்னேரி ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கிறான். ஓரிடத்தில் ஒப்பந்தம் முடிந்தால், அங்கிருந்தவர்களை வேறிடத்தில் வேறு வேலைக்கு மாற்றிவிடுவது அவன் பொறுப்பு. 'வேலை போச்சு' என்று அவன் சொல்லி நான் கேட்டதில்லை. "எடம் மாறுது, அவ்ளோதான்" என்பான்.

எங்கள் கோட்டைக்குப்பத்திலிருந்து கிளம்பும்போது ஷூவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு பைக்கில் மாட்டிக்கொள்வான். திருப்பாலைவனம் வந்ததும் வண்டியை ஓரம்கட்டி, கால் மணலைத் துணியால் துடைத்துவிட்டு ஷூவை அணிவான். ஏழு வருடமாக அந்த ஷூ எங்கள் ஊர் மணலை மிதித்ததில்லை. மேனேஜரிடம் போனில் பேசும்போது, அவர் பார்ப்பதுபோல, காலர் பட்டனைப் போட்டுக்கொள்வான்.

ஆளை எடைபோடுவதில் அவனுக்கு நிகர் அவன்தான். குப்பன் மாமா இருபது வருடம் விசைப்படகில் இன்ஜின் ஓட்டியவர். முட்டிவலி வந்து கடலுக்குப் போவதை விட்டபின், ஒரு கம்பெனியில் பெருக்கிக்கொண்டிருந்தார். அந்த ஒப்பந்தம் முடிந்ததும் பூபதி அவர் கையைப் பார்த்தான். நகக்கண்ணில் டீசல் கறுப்பு இன்னும் போகவில்லை. "இது தொடப்பம் புடிக்கிற கையா மாமா?" என்று ஜெனரேட்டர் அறைக்கு மாற்றினான். மூன்றாம் நாளே, பெல்ட் தளர்ந்திருப்பதைச் சத்தத்தை வைத்தே மாமா சொல்லிவிட்டார். இப்போது எங்கள் வீட்டைத் தாண்டும்போதெல்லாம், "தம்பி கீறானா?" என்று கேட்காமல் போவதில்லை.

போன மாதம் எங்கள் முறை வந்தது. அவன் ஏஜென்சி மூலமாகத்தான் நானும் எங்கள் குப்பத்துப் பெண்கள் பதினெட்டுப் பேரும் இறால் உரிக்கும் கம்பெனியில் இருந்தோம். ஒப்பந்தம் முடிந்தது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு மருந்து கம்பெனியில் டப்பா அடுக்க ஆள் கேட்டிருந்தார்கள். சின்ன வயதுப் பெண்களை மட்டும் அனுப்பச் சொன்னார் ஏஜென்சி மேனேஜர் தினகரன். "ஐஸ்ல கைய வுட்டு நாள் முச்சூடும் இறா உரிச்ச கை சார் இது. டப்பா எம்மாத்திரம்?" என்று பேசிப் பேசியே பத்தொன்பது பேருக்கும் இடம் வாங்கிவிட்டான்.

முதல் நாள் காலை பூபதியோடு வேனில் போய் இறங்கினோம். கேட்டில் விரல் பதியும் மெஷின் இருந்தது. அங்காளம்மாள் அத்தை முதலில் வைத்தாள். சிவப்பு விளக்கு. புடவையில் துடைத்துவிட்டு வைத்தாள். மறுபடி சிவப்பு. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாள். அடுத்தவளுக்கும் சிவப்பு. ஐந்தாவதாக நான். சிவப்பு. இறால் கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதமே ஆன இரண்டு பேருக்கு மட்டும் பச்சை எரிந்தது.

விரலை வெயிலில் தூக்கிப் பார்த்தேன். நுனியில் ஒரு கோடுகூட இல்லை. கரைந்த சோப்புபோல வழவழவென்று இருந்தது. பதினாறு வருட ஐஸும் இறால் ஓடும் தேய்த்தெடுத்திருக்கின்றன. என் விரல்தான், இத்தனை நாள் எனக்கே தெரியவில்லை.

"ரேகை இல்லாத ஆள நான் எப்படி உள்ள வுடறது? நாளைக்கு வேற ஆளக் கூட்டிவாங்க" என்றார் கேட் அதிகாரி.

"இன்னாடா நைனா, ஊரு கையெல்லாம் பாத்தியே, இது கண்ணுல படலயா?" என்றாள் அத்தை.

பூபதி அத்தையின் விரலைப் பிடித்துப் பார்த்தான். காய்ப்பு பார்த்தவன், தழும்பு பார்த்தவன், நகக்கண்வரை பார்த்தவன், விரல் நுனியைப் பார்க்கவில்லை.

ஒரு மணி நேரம் அதிகாரியிடம் மன்றாடினான். கடைசியில் அவர் இறங்கிவந்தார். நோட்டில் பெயர் எழுதி உள்ளே விடலாம். ஆனால் ஏஜென்சி ஆள் ஒருவர் தினமும் கேட்டில் நின்று, இன்னார்தான் வந்தார் என்று ஒவ்வொருவருக்கும் கையெழுத்துப் போட வேண்டும்.

பூபதி தினகரனுக்குப் போன் போட்டான். அவர் கத்தியது எங்களுக்கே கேட்டது. "கேட்ல நிக்க உனக்கு இன்னா தலையெழுத்து? நீ அங்க நின்னா உன் சேர்ல வேற ஆள் ஒக்காருவான். அப்புறம் கேக்காதே!"

"சரி சார். எடம் மாறுது, அவ்ளோதான்."

எங்கள் வீட்டில் யாருக்கும் கிடைக்காத மேசை, நாற்காலி. "இன்னாடா பண்ணிட்ட?" என்று சட்டையைப் பிடித்தேன்.

"சரியாப் பாக்காதவன் நான்தானேக்கா" என்றான். காலர் பட்டன் திறந்தே கிடந்தது.

மறுநாள் கேட்டுக்கு ரப்பர் செருப்போடு வந்தான். "கேட் ஆள்னா நீயும் பதியணும்" என்றார் அதிகாரி. நாங்கள் வரிசையில் பார்த்துக்கொண்டு நின்றோம். சின்ன வயதில் அவன் இறால் கூடைப் பக்கம் வந்தாலே, "போய்ப் படிடா" என்று விரட்டுவேன். ஒரு நாளும் அவனை ஐஸில் கைவைக்க விட்டதில்லை.

பூபதி விரலை வைத்தான். வைத்த கணமே பச்சை.

எங்களைத் திரும்பிப் பார்த்தான். அந்த விரலைச் சட்டென்று உள்ளங்கைக்குள் மடக்கிப் பேன்ட் பைக்குள் நுழைத்துக்கொண்டு, இடக்கையால் நோட்டைத் திறந்தான்.