எதையும் இரண்டு தடவை டைப் செய்யாதவர்

பீன்யாவில் ஒரு தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் அவர் என் மேனேஜர். மடிப்புக் கலையாத சட்டை, படிய வாரிய தலை. எங்கள் கம்ப்யூட்டர்களில் கடைசியாகக் காப்பி செய்தது மட்டும்தான் நிற்கும். அவரோ காப்பி செய்ததையெல்லாம் சேர்த்துவைக்கும் ஒரு சின்ன சாஃப்ட்வேரைப் போட்டிருந்தார். வாழ்த்து, இரங்கல், திட்டு எல்லாம் அதிலிருந்துதான் எங்களுக்கு வரும். என் அப்பா இறந்தபோது வந்த மெயிலில், "தங்கள் மாமியாரின் மறைவு" என்றிருந்தது.

ஒருநாள் அவர் பதவி உயர்வு கேட்டு எழுதிய கடிதம் பிரின்டரில் கிடந்தது. ஸ்டோர்ஸுக்காக மூன்று மாதம் உட்கார்ந்து நான் செய்த புரோகிராமைப் பற்றி நானே எழுதிய அறிக்கை, அப்படியே அவர் பெயரில் இருந்தது. எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனேன்.

"சார், இது நான் எழுதினது."

நிதானமாகப் படித்துப் பார்த்தார்.

"ஆமாம்பா, நீ எழுதினதுதான். ரெண்டு எடத்துல ஸ்பெல்லிங் தப்பு பாரு. ஜல்தி திருத்திக் குடு, சாயங்காலம் அனுப்பணும்."

அவர் முகத்தில் துளிக் கூச்சமில்லை. அடுத்த மாதமே பதவி உயர்வும் கிடைத்தது. அவரைக்கூட ஒருவாறு புரிந்துகொண்டுவிட்டேன். அன்று நான் ஏன் உட்கார்ந்து திருத்திக் கொடுத்தேன் என்பதுதான் இன்னும் புரியவில்லை.