சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம்

இன்று தென்காசி லாரிப் பட்டறையில் என் கண்முன்னால் ஒருவன் மண்டை பிளந்தது.

மெக்கானிக் சாமுவேல் பிரேக் போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றிவிட்டு, இறுக முடுக்குவதற்குப் பக்கத்துப் பட்டறையில் ஸ்பேனர் வாங்கப் போயிருந்தான்.

அதற்குள் டிரைவர் மாடசாமி வந்தான். முன்சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் இருந்தது. வேலை முடிந்த வண்டிக்குத்தான் பழம் வைப்பார்கள். நசுக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

குற்றாலம் ரோட்டில் பிரேக்கை மிதித்ததும் முடுக்காத போல்ட்டுகள் கழன்றுவிட்டன. லாரி மருத மரத்தில் மோதி நின்றது.

மாடசாமி நெற்றியில் ரத்தம் வழியப் பட்டறைக்கு நடந்தே திரும்பினான். கையில் லாரி இன்ஜினைச் சுழற்றி ஸ்டார்ட் செய்யும் இரும்புக் கம்பி.

“ஏலே, என்னயக் கொல்லவா பாத்தே?”

சாமுவேல் மண்டையில் ஒரே போடு. விழுந்தவனை நெஞ்சில் மிதித்தான். நாங்கள் மூன்று பேர் இழுத்தும் மாடசாமியை நகர்த்த முடியவில்லை.

“நான் இன்னும் முடுக்கவே இல்லலே. பழத்தை எவன் வச்சான்?” என்று முனகினான் சாமுவேல்.

லாரியில் சரக்கு ஏற்றிவிட்டுப் பட்டறையிலேயே காத்திருந்த புளியங்குடி மண்டி அண்ணாச்சி மெதுவாகச் சொன்னார்: “ராகுகாலம் வந்துருமேன்னு நாந்தான் வச்சேன்.”

மாடசாமி கம்பியோடு அவர் பக்கம் திரும்பினான்.

இந்த முறை நாங்கள் யாரும் அவனைப் பிடிக்கவில்லை. நீங்கள் பிடித்திருப்பீர்களா?