நட்சத்திரங்கள் ஓடியதற்காக நான் அடித்த அடி

நட்சத்திரத்துக்காக ஒருவனை அடித்தவன் இந்தக் கிள்ளான் வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெண்ணுக்காக வெட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். சண்டைச் சேவலுக்காகக் குத்திக்கொண்டவர்களையும் பார்த்திருக்கிறேன். வானத்தில் எங்கோ கிடக்கிற ஒன்றுக்காகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் முகத்தைக் கிழித்தவன் நான்தான். அவன் யாரோ எவனோ அல்ல, என் மனைவியின் தம்பி.

முப்பதுகளின் தொடக்கம் அது. ரப்பர் விலை அதலபாதாளத்தில் விழுந்து, தோட்டத்துக்குத் தோட்டம், கடல் தாண்டிக் கூலிக்கு வந்த எங்கள் ஆட்களைக் குறைத்து ஊருக்கே திருப்பிக் கப்பலேற்றிக்கொண்டிருந்த நேரம். காப்பார் சாலையை ஒட்டிய ஒரு தோட்டத்தின் ரப்பர் ஆலையில் எனக்கு வேலை. ஆசிட் ஊற்றி உறைய வைத்த ரப்பர் பாலை இரண்டு இரும்பு உருளைகளுக்கு நடுவே விட்டு, கையால் சுற்றித் தகடாக்க வேண்டும். அந்த மிஷின் ஈவிரக்கம் பார்க்காது. எனக்கு முன்னால் அதைச் சுற்றியவனுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் கிடையாது. எனக்குப் பத்தும் ஒழுங்காக இருந்தன. கோபமும் மூக்குக்கு மேலேயே இருந்தது.

மச்சினன் பட்டணத்தில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்தான். என்ஜினில் கரி அள்ளிப் போடும் வேலை. இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. அடுத்த மாதம் அவனுக்குக் கண் பரிசோதனை. அதில் தேறினால் டிரைவர் வேலைக்குப் பழக்குவார்கள். எங்கள் சனத்தில் என்ஜின் ஓட்டப்போகிற முதல் ஆள் அவன்தான். "கண்ணு மட்டும் சரியா இருந்தாப் போதும் மாமா, மத்ததெல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு" என்பான். முருங்கைக்கீரை கண்ணுக்கு நல்லது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அவன் கிள்ளானுக்கு ரயிலேறி வந்தால் என் மனைவி வேறு எதையும் கண்ணில் காட்ட மாட்டாள். அவனுக்காக நானும் கீரையையே தின்றேன்.

வரும்போது பத்திரிகை கொண்டுவருவான். சாப்பிட்டுவிட்டு நானும் அவனும் கள்ளுக்கடைக்குப் போவோம். அவன் உரக்கப் படிப்பான், கடையே கேட்கும். எனக்கு அப்போது எழுத்துக் கூட்டத்தான் தெரியும். இப்படி எழுதுகிற அளவுக்குப் பிறகு கற்றுக்கொண்டதெல்லாம் வீம்புக்கு.

கள்ளுக்கடைக்கு இரண்டு பக்கம். முன்பக்கம் பெஞ்சு போட்டு உட்காருகிறவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ். தாழ்ந்த சாதி என்று தோட்டத்து வீட்டு வரிசைகளில் கடைசி லயத்தில் ஒதுக்கி வைத்த எங்களுக்குப் பின்பக்கம், தரை, பால் டின். கெட்டிப்பால் தீர்ந்த டின்னின் மூடியை வெட்டி எறிந்துவிட்டுக் கொடுப்பார்கள். விளிம்பைத் தட்டிக்கூட விட மாட்டார்கள். உதட்டை அறுத்துக்கொள்ளாமல் அதில் குடிப்பது தனி வித்தை, அதை நாங்கள் பழகியிருந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் படித்தது அண்டவெளியைப் பற்றி. மேல்நாட்டில் பெரிய தொலைநோக்கி வைத்துப் பார்த்தார்களாம். அண்டம் விரிந்துகொண்டே போகிறதாம். நட்சத்திரக் கூட்டங்கள் எல்லாம் நம்மை விட்டு ஓடுகின்றனவாம், அதிகத் தூரத்தில் இருப்பது அதிக வேகத்தில் ஓடுகிறதாம்.

கடை களை கட்டியது. "எல்லாம் விரியுதுன்னா என் வேட்டி ஏன்டா விரிய மாட்டேங்குது?" என்றான் ஒருவன். "பத்துமலைப் பக்கம் கல்லு உடைச்சவன் நான். வெடி வெச்சா இப்படித்தான் செதறும். எந்த எடத்துல திரி கொளுத்துனாங்கன்னு போட்டிருக்கா பாரு" என்றான் இன்னொருவன். மச்சினன் கையமர்த்தி, "இருங்கண்ணே, இன்னும் இருக்கு" என்றான்.

அப்போதுதான் முன்பக்கத்திலிருந்து, தோட்டத்தில் எங்களை வேலை வாங்கும் கங்காணியின் மருமகன் குரல் கொடுத்தான். "நமக்கு வெளங்கிடுச்சுடா. கடைசி லயத்து நாத்தம் வானம் வரைக்கும் போயிருக்கு. நட்சத்திரமே மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுது!"

கடை முழுக்கச் சிரித்தது. எங்கள் பக்கத்திலும் இரண்டு பேர் சிரித்தார்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மச்சினனும் பல் தெரிய ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, பத்திரிகையில் விரலை வைத்துக்கொண்டு, "அது இல்லண்ணே, நம்மள விட்டு ஓடுதுன்னா..." என்று ஆரம்பித்தான்.

அதற்குமேல் நான் விடவில்லை. கை முந்திக்கொண்டது. அந்தக் கையில் பால் டின் இருந்தது என்பது, டின் அவன் முகத்தில் பதிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

நியாயமாக நான் அடித்திருக்க வேண்டியது கங்காணியின் மருமகனை. அவனை அடித்தால் வேலை போகும், கப்பலேற்றுவார்கள். மச்சினனை அடித்தால் வீட்டுச் சண்டையோடு முடியும். இந்தக் கணக்கு அந்த ஒரு நொடியில் என் மண்டைக்குள் ஓடியது. குடிவெறி, ஆத்திரம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள், நானும் மறுக்கவில்லை. கோழைத்தனம் என்பதுதான் சரியான பேர். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் காறித் துப்பத் தோன்றுகிறது.

இடது புருவத்திலிருந்து கன்னம் வரை பிளந்துவிட்டது. விரல் இடுக்கில் ரத்தம் வழிய அவன் குப்புற விழுந்தான். பத்திரிகை கள்ளிலும் ரத்தத்திலும் ஊறியது. முன்பக்கம் கிளாஸைக் கீழே வைக்காமல் வேடிக்கை பார்த்தது. அவனைத் தோளில் போட்டு லயத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தேன். என் மனைவி அவன் முகத்தைப் பார்த்தாள், என் சட்டையைப் பார்த்தாள். அடுப்பிலிருந்து எரிகிற கட்டையை உருவி என் முதுகில் போட்டாள். நான் விழும் வரை அடித்தாள், விழுந்த பிறகும் அடித்தாள். "அவன் கண்ணுடா, அவன் கண்ணு!" என்று கத்திக்கொண்டே அடித்தாள். அதற்கு முன் ஒரு நாளும் அவள் என்னை டா போட்டதில்லை.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸர் தையல் போட்டுக் கட்டுக் கட்டினார். எப்படி ஆயிற்று என்று கேட்டதற்கு, பால் வாளி விளிம்பில் விழுந்துவிட்டேன் என்று மச்சினன் சொன்னான். கட்டைப் பிரித்தால்தான் கண் தேறுமா தேறாதா என்று தெரியும் என்றார். பரிசோதனைக்கு மூன்று வாரம் இருந்தது. பிரிக்ஃபீல்ட்ஸுக்குச் சொல்லியனுப்பிவிட்டு அவன் எங்கள் வீட்டிலேயே படுத்துக் கிடந்தான். என்னோடு பேசினான், சாதாரணமாகத்தான் பேசினான். அது கட்டை அடியைவிட மோசம்.

ஒரு வாரம் போயிருக்கும். ஆலையில் அன்று வந்த பாலை யாரோ சரியாக வடிகட்டவில்லை. உறைந்த கட்டிக்குள் மரப்பட்டைத் துணுக்குகள் எள் தூவிய மாதிரி கிடந்தன. சனியனே என்று திட்டிக்கொண்டு மிஷினில் விட்டேன். முதல் சுற்றில் துணுக்குகள் நெருக்கமாக இருந்தன. உருளையை நெருக்கி மறுபடி விட்டேன், விலகின. மறுபடி விட்டேன், இன்னும் விலகின. ஒரு துணுக்கின் மேல் விரல் வைத்துப் பார்த்தேன். மற்றதெல்லாம் அதை விட்டு ஓடியிருந்தது, பக்கத்தில் இருந்தது கொஞ்சம், தள்ளி இருந்தது அதிகம். விரலை எடுத்து வேறொன்றின் மேல் வைத்தேன். இப்போது எல்லாம் அதை விட்டு ஓடியிருந்தது. எதில் வைத்தாலும் அதே கதைதான். ஒரு துணுக்கும் இடம்பெயர்ந்து ஊர்ந்து போகவில்லை. துணுக்கு எதுவும் பெரிதாகவுமில்லை. நடுவில் இருந்த ரப்பர்தான் விரிந்திருந்தது. கொஞ்சம் அசந்திருந்தால் விரல் உருளைக்குள் போயிருக்கும்.

வீட்டுக்கு ஓடிப்போய் அவனிடம் சொன்னேன். அவன் ஒற்றைக் கண்ணால் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"அதேதான் மாமா. அடுத்த வரில அதத்தான் போட்டிருந்தாங்க. எங்க நின்னு பாத்தாலும் மத்ததெல்லாம் தன்னை விட்டு ஓடுற மாதிரிதான் தெரியுமாம். நடுன்னு ஒண்ணு கெடையாதாம்."

"அப்ப வெடி?"

"வெடி வெச்சா வெச்ச எடம்னு ஒண்ணு இருக்கணுமில்ல? இதுல அப்படி எடமே இல்ல."

"தகட்டுக்கு ஓரம் இருக்கேடா. அண்டத்துக்கு ஓரம் எங்க?"

"ஓரம் இருக்குன்னு பேப்பர்ல போடல மாமா. நீங்க ஓரத்த விட்டுட்டு துணுக்க மட்டும் பாருங்க."

ஒரு வரி. இன்னும் ஒரு வரி நான் வாயையும் கையையும் அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். வெளியே போய் வேலியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கள்ளுக்கடைக்குத் தனியாகப் போனேன். அடிக்கப் போகவில்லை, சத்தியமாகச் சொல்கிறேன், விளக்கத்தான் போனேன். முன்பக்கம் போய் நின்று, கங்காணியின் மருமகனைப் பார்த்து, "தம்பி, ஒங்க லயத்துலேர்ந்து பாத்தாலும் நட்சத்திரம் ஓடத்தான் செய்யுது" என்றேன். மேற்கொண்டு துணுக்கு, தகடு என்று சொல்ல நினைத்தேன். அவனும் விடவில்லை. முதல் கிளாஸ் என் காதில் உடைந்தது. பிறகு நான்கு பேர், பெஞ்சுப் பலகை, செருப்புக் கால். நானும் சும்மா இருக்கவில்லை, ஒருவன் தோள்பட்டையைக் கழற்றினேன், மருமகனின் கழுத்தைப் பிடித்துக் கள்ளுத் தொட்டிக்குள் அமுக்கினேன். பாதி வாக்கியத்துக்கு அடி வாங்குவது எப்படி இருக்கும் என்று விலா எலும்பு இரண்டு உடைந்து தெரிந்துகொண்டேன். அன்று சாயங்காலமே கங்காணி வேலையை விட்டு நிறுத்தினார். எந்த வேலைக்குப் பயந்து மச்சினனை அடித்தேனோ அந்த வேலை.

சட்டி பானையைக் கட்டிக்கொண்டு மூவரும் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு, அவன் குடியிருப்புக்கே போனோம். அவன் வேலையில் இருக்கும் வரைதான் அந்தக் கூரை. இப்போது மூன்று பேர் சோறும் அந்த ஒரு கண்ணில் இருந்தது. கட்டைப் பிரித்த அன்று, "மங்கலாத் தெரியுது, போகப் போகச் சரியாயிடும்" என்று அக்காளிடம் சொன்னான். அவள் நம்பினாள். மறுபடி முருங்கைக்கீரை ஆய்ந்தாள்.

பரிசோதனை நாள் காலையில் நான் கூடப் போனேன். டாக்டர் அறைக்கு வெளியே வராந்தாவில் நின்றேன். உள்ளே அவன் எழுத்து எழுத்தாகப் படிக்கிற குரல் கணீரென்று கேட்டது. பிறகு வலது கண்ணை மூடச் சொன்னார்கள். அப்புறம் குரலே கேட்கவில்லை. நான் காத்திருந்தேன், ஒரு எழுத்தாவது சொல்லமாட்டானா என்று. கதவு திறந்து வெளியே வந்தான்.

"இனிமே என்ஜின் பக்கமே வரக் கூடாதாம். ஷெட்டு கூட்டுற வேலை காலியானா சொல்லியனுப்புவாங்களாம்" என்றான். சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துச் சுருட்டிக்கொண்டே இருந்தான்.

எனக்குத் தாங்கவில்லை. "அடிடா" என்றேன். "ஒங்க அக்கா அடிச்சா, ஊரான் அடிச்சான். நீ அடிக்கல. அடி."

வேண்டாம் மாமா என்று இரண்டு முறை சொன்னான். மூன்றாம் முறை முகம் கோணியது. கரி அள்ளிய கை, என்ஜினுக்கே தீனி போட்ட தோள். மொத்தப் பலத்தையும் சேர்த்து என் முகத்தைப் பார்த்துக் குத்தினான். குத்து என் மூக்குக்கு நாலு விரல் முன்னால், வெறுங்காற்றில் முடிந்தது. தடுமாறினான். மறுபடி குத்தினான். மறுபடியும் எட்டவில்லை.

"ஏன் மாமா பின்னாலே போறீங்க?" என்று கத்தினான்.

நான் அசையவே இல்லை. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. ஒரு எட்டு முன்னால் எடுத்து வைத்து அவன் கை எட்டுகிற இடத்தில் முகத்தைக் கொண்டுபோய் நிறுத்தினேன்.