கண்ணாடி உடையவில்லை

மெர்சி அக்கா எங்கள் ஆபீஸுக்கு வந்து இருபத்தாறு வருஷம். கிணத்துக்கடவிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, ஒன்பது மணிக்குக் கதவைத் திறப்பவர் அவர்தான். கட்டட வரைபடம் போடுவதில் கெட்டிக்காரர். கோடு மயிரிழை தவறினாலும் என்னைப் போன்ற படித்த ஆர்க்கிடெக்டுகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார். பொய் சொல்லத் தெரியாத மனுஷி என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஆபீஸ் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. அழகிரிசாமி சார், அக்கா, நான், இன்னும் இரண்டு பேர். சாருடைய தாத்தா மில் நடத்திய காலத்தில் சுண்ணாம்பில் கட்டிய பங்களாவின் கீழ்த்தளம். அதை ஒட்டிய மனையில் ஏழு மாடி ஓட்டல் வரப்போகிறது, வரைபடம் எங்களுடையது. எங்கள் கையில் இருந்த ஒரே வேலையும் அதுதான். "இதுவும் போச்சுன்னா ஆபீஸை மூடிப்போட வேண்டியதுதானுங்க அம்மணி" என்று சார் அக்காவிடமே சொன்னார். ஐம்பத்திரண்டு வயதில் அக்காவை வேறு யார் வேலைக்கு எடுப்பார்கள்?

பள்ளம் தோண்ட ஆரம்பித்த இரண்டாம் வாரம், அக்காவின் மேஜைக்குப் பின்னால் சுவரில் விரிசல் விட்டது. சார் அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டி, பக்கத்தில் தேதி எழுதினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைந்தால் அன்றே தோண்டுவதை நிறுத்த வேண்டும். காலையில் அதைப் பார்ப்பது அக்காவின் பொறுப்பு. சனிக்கிழமைதோறும் 'கண்ணாடி உடையவில்லை' என்று ஓட்டல்காரருக்கு அறிக்கை அனுப்புவது என் பொறுப்பு. எட்டு வாரம் அனுப்பினேன். மெர்சி பார்த்தால் தப்பாது என்று சாரும் நிம்மதியாக இருந்தார்.

நடுவில் ஒருநாள் அக்கா எங்கள் மேஜைகளை எல்லாம் ஜன்னல் பக்கம் தள்ளிப் போட வைத்தார். "வெளிச்சம் நல்லா இருக்குமுங்க" என்றார். அவருடையது மட்டும் பழைய இடத்திலேயே இருந்தது.

ஒன்பதாவது சனிக்கிழமை, அக்கா டீ வாங்கப் போயிருந்தபோது ஸ்கேல் தேடி அவர் டிராயரைத் திறந்தேன். டிரேசிங் பேப்பரில் தனித்தனியாகச் சுற்றிய ஆறு பொட்டலங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் உடைந்த கண்ணாடி. மேலே அக்காவின் அழகான கையெழுத்தில் உடைந்த தேதி. கடைசி மூன்றும் அந்த வாரத்தினுடையவை, அதில் ஒன்று அன்றைய தேதி. திரும்பிச் சுவரைப் பார்த்தேன்; அங்கே கண்ணாடி முழுசாக ஒட்டியிருந்தது.

அக்கா டீயோடு வந்து நின்றார்.

"ஏனுங்கக்கா, இதென்னங்க?"

"அந்தப் பக்கம் தடுப்புச் சுவர் எழும்பிட்டா நம்ம சுவரு நின்னுக்கும் கண்ணு. இன்னும் பத்து நாள்தான்."

"அதுக்குள்ள உழுந்துட்டா?"

அவர் டீயை வைத்துவிட்டுத் திரும்பினார். ஜன்னலோரம் இருந்த எங்கள் மேஜைகளைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. விழுந்தால் தன் ஒருத்தி மேல் மட்டும் விழட்டும் என்று ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பக்கத்து மனையில் எந்திரம் உறுமியது. சுவரில் டிக் என்று ஒரு சத்தம். அன்று காலை ஒட்டிய கண்ணாடி இரண்டாகியிருந்தது.

"வெளிய வாங்கக்கா, சாரைக் கூப்பிடலாம்" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். அக்கா மெதுவாகக் கையை விடுவித்துக்கொண்டு, டிராயரிலிருந்து புதுத் துண்டு ஒன்றை எடுத்தார்.

"நீ முன்னால போ கண்ணு. இதை ஒட்டிப்போட்டு வாரேன்."