வட்டக் கையெழுத்து

நான் இதுவரை எழுதிய கடிதங்களில் மிக நன்றாக அமைந்தது, எங்கள் தோட்டத்து உதைபந்தாட்ட அணியின் முகாமையாளரைப் பதவி விலகும்படி கேட்டு எழுதியதுதான். அதில் ஓர் எழுத்துப்பிழை இல்லை. ஒரு கடுஞ்சொல் இல்லை. என் பெயரும் இல்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையின் மலையகத்தில், டயகமவிலிருந்து மேலே ஏறும் பாதையில் இருக்கிறது. அங்குள்ள பாடசாலையில் நான் ஆசிரியை. பட்டம் பெற்றுத் திரும்பிய நாள்முதல், லயம் என்னும் வரிசை வீடுகளில் வாழும் தொழிலாளர்களின் விண்ணப்பங்கள் எல்லாம் என் கைக்கே வந்தன. பிறப்புச் சான்றிதழில் பெயர் திருத்தம், வங்கிக்குக் கடிதம், தண்ணீர்க் குழாய் உடைந்ததற்கு முறைப்பாடு என்று ஏதாவது ஒன்று தினமும் இருக்கும். அதே காரணத்தால் விளையாட்டுக் கழகத்துக்கும் செயலாளர் ஆனேன். ஆனால் ரசிகையானது அதற்கு வெகுகாலம் முன்பு. சிறுமியாக இருந்தபோதே தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டு திங்கட்கிழமை பாடசாலைக்குப் போயிருக்கிறேன்.

முகாமையாளரை எல்லோரும் மெனேஜர் அண்ணன் என்றே கூப்பிட்டார்கள். தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில், கொழுந்தைப் பரப்பி வாட வைக்கும் இடத்தில் அவருக்கு வேலை. வேலை முடிந்ததும் நேராக மைதானத்துக்கு இறங்குவார். அவருடைய காலத்தில் அடுத்தடுத்து மூன்று வருடம் வட்டாரக் கிண்ணம் எங்களுக்கு வந்தது. மூன்று கிண்ணங்களும் கோயில் மண்டபத்துக் கண்ணாடி அலுமாரியில், சாமி ஊர்வலக் குடைக்குப் பக்கத்தில் இருக்கின்றன. அலுமாரிச் சாவி அவர் கழுத்தில், விசில் கயிற்றோடு சேர்ந்து தொங்கியது.

பயிற்சிக்கு வருபவர்களின் பெயரை இடாப்பு என்னும் வரவுப் பதிவேட்டில் குறித்து வைப்பார். அவருக்கு ஒரே ஒரு விதி. செவ்வாயும் வியாழனும் மாலைப் பயிற்சிக்கு வராதவன், எவ்வளவு பெரிய ஆட்டக்காரனாக இருந்தாலும், ஞாயிற்றுக்கிழமை இறங்க முடியாது. கிண்ணங்களை வென்று தந்தது அந்த விதிதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு நிலைமை மாறியது. கிண்ணம் வென்ற பதினொரு பேரில் ஆறு பேர் கொழும்புக்கு வேலைக்குப் போனார்கள். சனிக்கிழமை இரவு பஸ் ஏறி ஹட்டன் வந்து, விடிந்ததும் தோட்டத்துக்கு வந்துவிடுவார்கள். ஞாயிறு ஆடத் தயாராக நிற்பார்கள். அவர் அவர்களைத் தேயிலைப் பக்கம் நிற்கவைத்துவிட்டு, பயிற்சிக்கு வந்த பாடசாலைப் பையன்களை இறக்கினார்.

ஏழு ஆட்டம் தொடர்ந்து வெற்றியில்லை. நானுஓயாவில் ஐந்துக்குப் பூச்சியம் என்று தோற்றோம். மூடுபனியில் கடைசி இரண்டு கோல்களை நாங்கள் பார்க்கவே இல்லை. எதிரணி ரசிகர்களின் சத்தத்தைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

அதன் பிறகு தோட்டத்தில் வேறு பேச்சே இருக்கவில்லை. கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில் பழைய கெப்டன் கொழும்பிலிருந்து குரல் பதிவு அனுப்பினான். அவன் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறான். பின்னால் கம்பி வெட்டும் சத்தம் கேட்டது.

"அண்ணே, செவ்வாக்கெழம நான் இங்க கம்பி வெட்டிக்கிட்டு இருக்கேன். ஞாயித்துக்கெழம ஆடுறதுக்கு எனக்குக் கால் இருக்கு. நீங்க காலப் பாக்குறீங்களா, இடாப்பப் பாக்குறீங்களா?"

அதற்கு அவர் பதில் போடவில்லை. வேறு நாற்பது பேர் போட்டார்கள்.

அக்கரப்பத்தனைக் கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும், நாங்கள் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் வியாபாரிதான் எங்கள் அணிக்கு ஜேர்சி தருபவர். அவர் முகாமையாளரின் பக்கம். மூன்று கிண்ணம் எடுத்த மனிதரை மூன்று மாதத்தில் எறிய ஏலுமா மகள் என்று என்னைக் கேட்டார். ஆனால் அடுத்த வருட ஜேர்சியைப் பற்றிக் கேட்டபோது, அதைப் பிறகு பார்ப்போம் என்றார். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்களும் இரண்டாகப் பிரிந்து நின்றார்கள். எங்கள் லயத்து அக்கா ஒருவருடைய மகன் பயிற்சிக்குத் தவறாமல் போகும் பையன்களில் ஒருவன். இடது ஓரத்தில் ஆடுவான். அக்கா விதிக்காக வாதாடினார். மகன் அணியில் இருப்பதால்தானே இந்தப் பேச்சு என்று ஒருத்தி குத்தினாள்.

"ஆமா. பின்ன ஒம் மகனுக்காகவா பேசுவேன்?" என்றார் அக்கா, கூடையைத் தராசில் மாட்டிக்கொண்டே.

இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. கொழும்புக்குப் போனவர்கள் ஆசைப்பட்டுப் போகவில்லை, வீட்டுக்காகப் போனார்கள். பிழைக்கப் போனதற்குத் தண்டனையாக விளையாட்டையும் பறிப்பது சரியா என்று யோசித்தேன். மறுபுறம், மழையிலும் அட்டைக்கடியிலும் வாரம் இரண்டு நாள் ஓடிய பையன்களை ஞாயிறன்று ஒதுக்கினால், இந்தத் தோட்டத்திலேயே தங்கி ஒன்றைச் செய்து முடிப்பதில் பயனில்லை என்று நாமே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததாகிவிடும். ஒருநாள் மெனேஜர் அண்ணனிடமே போய், கொழும்புக்காரர்களில் இரண்டு பேரை மட்டும் எடுத்தால் என்ன என்று கேட்டேன்.

"ரெண்டு பேர எடுத்தா ரெண்டு பயல வெளிய நிப்பாட்டணும் டீச்சர். எந்த ரெண்டுன்னு நீங்களே சொல்லுங்க."

அத்தனை பேரும் என் வகுப்புப் பிள்ளைகள்.

அவர் வேலையில் இருந்த ஒரு பகலில் கோயில் மண்டபத்தில் கூட்டம் நடந்தது. பெரும்பாலானோர் அவர் விலகட்டும் என்றார்கள். ஆனால் யார் போய்ச் சொல்வது என்று கேட்டதும் பேச்சு நின்றுவிட்டது. எல்லோரும் அவரோடு காம்பிரா என்னும் அடுத்தடுத்த லய அறைகளில் வாழ்பவர்கள். ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள். அப்போதுதான் யாரோ வட்டக் கையெழுத்தை ஞாபகப்படுத்தினார்கள்.

தோட்டத் துரைக்கு எதிராக மனு எழுதிய காலத்தில் எங்கள் பெற்றோர் கையாண்ட வழி அது. கையெழுத்து வரிசையில் முதல் பெயர் யாருடையதோ அவரே தூண்டிவிட்டவர் என்று வேலை போய்விடும். ஆகவே தாளின் நடுவில் விஷயத்தை எழுதி, சுற்றிலும் வட்டமாகக் கையெழுத்துப் போடுவார்கள். வட்டத்துக்கு முதலும் இல்லை, கடைசியும் இல்லை. எங்கள் மைதானமே அப்படிக் கிடைத்ததுதான். பழைய தேயிலையைப் பிடுங்கிய அந்தச் சமதரையை மைதானமாக விடும்படி இளைஞர்கள் மனுக் கொடுத்தார்கள். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் துரை அந்தத் தாளைத் தூக்கிக் காட்டி, முதலில் போட்டது யார் என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. தான் சாப்பிட்ட தட்டைக் கவிழ்த்து வைத்து அன்று அந்த வட்டத்தைப் போட்ட இளைஞர்தான் பிற்காலத்தில் எங்கள் மெனேஜர் அண்ணன். கிண்ணம் வென்ற ஒவ்வொரு முறையும் அந்தக் கதையை அவர் சொல்லியிருக்கிறார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும். ஆனாலும், அந்தத் தாள் அவர் கைக்குப் போனால் அவருக்கு என்ன தோன்றும் என்று ஒருவர்கூட யோசிக்கவில்லை. விளைவுகளை யோசிப்பவள் என்று பெயரெடுத்த நானும் யோசிக்கவில்லை.

எனக்கு அது கருணையான வழியாகவே பட்டது. யார் வீட்டோடும் அவருக்குப் பகை வராது. குழாயடியில் சண்டை வராது. தோட்டத்தின் பொது விருப்பம் இது என்று அவர் புரிந்துகொள்வார். மண்டபத்து அன்னதானத் தட்டு ஒன்றை எடுத்து வட்டம் போட்டேன். உள்ளே, "தங்களின் அளப்பரிய சேவையை என்றென்றும் நன்றியுடன் நினைவுகூரும் அதேவேளை, அணியின் எதிர்கால நலன் கருதி" என்று தொடங்கி எழுதினேன். முப்பத்தொரு பேர் கையெழுத்திட்டார்கள். அக்கா மறுத்துவிட்டார். மெனேஜரிடம் சொல்ல ஏதாவது இருந்தால் குழாயடியில் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாராம். எழுதிக் கொடுப்பவர் கையெழுத்திடுவது வழக்கமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பேனாவை மூடினேன்.

மறுநாள் மாலை, தொழிற்சாலை வாசலில் அதை அவரிடம் கொடுத்தேன். உள்ளங்கையில் கொழுந்துக் கறையோடு வாங்கினார். நடுவில் இருந்ததை ஒரு தடவை படித்தார். பிறகு தாளை மெல்லத் திருப்பித் திருப்பிச் சுற்றியிருந்த பெயர்களைப் படித்தார். ஒரு சுற்று முடிந்ததும் மறுபடியும் ஒரு சுற்று.

"இது தொரைக்கு எழுதுற கடிதம், டீச்சர்."

அவர் வட்டத்தின்மேல் விரலை ஓட்டினார்.

"வேலய விட்டு நிப்பாட்டிருவான், காம்பிராவ விட்டு எறக்கிருவான்னு பயந்துதான் அன்னைக்கு இப்பிடிப் போட்டோம். நான் இவங்கள என்னா செஞ்சிருவேன்?"

"யாருக்கும் மனஸ்தாபம் வரக்கூடாதுன்னுதாங்க அண்ணே."

"ஒங்க பேரு எங்க?"

"நான் எழுதிக் குடுத்தது மட்டுந்தாங்க."

அவர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

"ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையா எழுதிக்கிட்டு வாங்க. மொத ஆளு யாருன்னு தெரிஞ்சாப் போதும். ஞாயித்துக்கெழமயே விசிலக் குடுத்துர்றேன்."

அன்றே வேறு தாளில் அதே வாசகங்களை நினைவிலிருந்து எழுதினேன். கீழே எண்களிட்டுக் கோடு போட்டேன். வீடு வீடாகக் கொண்டுபோனேன். முதலில் வாங்கியவர் இரண்டாம் கோட்டில் கையெழுத்திட்டார். அவருடைய கல்யாணத்தில் மெனேஜர் அண்ணன் மாப்பிள்ளைத் தோழனாம். அடுத்தவர் மூன்றாம் கோட்டில். இன்னொருவருக்குச் சுவருக்கு அந்தப்பக்கமே மெனேஜர் அண்ணனின் அடுப்படி; அவரும் முதல் கோட்டை விட்டுவிட்டார். பன்னிரண்டு பேர் யோசித்துச் சொல்வதாகக் கதவருகிலேயே நின்றுகொண்டார்கள். வட்டத்தில் பெரிதாகக் கையெழுத்திட்ட ஒருவர், தான் அன்று அதைப் படித்துப் பார்க்கவில்லை என்று சொல்லி மறுத்தார். ஞாயிறு விடிய ஊருக்கு வந்த பழைய கெப்டன் தாளை நீண்ட நேரம் பார்த்துவிட்டு, இருபதாம் கோட்டில் எழுதினான்.

"நான் மொதல்ல போட்டா, எடம் கேட்டுப் போட்டதா சொல்லுவாங்க டீச்சர்."

இரண்டு முதல் இருபது வரை பத்தொன்பது கையெழுத்து. முதல் கோடு வெறுமையாக இருந்தது.

ஆட்டத்துக்கு முன், பூட்டியிருந்த வகுப்பறையைத் திறந்து அந்தத் தாளோடு உட்கார்ந்தேன். அப்படியே கொடுத்தால் அவர் நீடிப்பார். ஆனால் பத்தொன்பது பேருக்குத் தன்மேல் நம்பிக்கையில்லை என்பதும், அவர்களில் ஒருவருக்கும் முதலில் நிற்கத் துணிவில்லை என்பதும் தெரிந்துகொண்டு நீடிப்பார். கிழித்துவிட்டால் என்னை ஒருவரும் கேட்கப் போவதில்லை. இப்படி எல்லாருடைய நிலையையும் நிறுத்துப் பார்த்தபின்தான், என் நிலை என்னவென்று நான் ஒருமுறைகூட எடுத்துப் பார்க்கவில்லை என்பது உறைத்தது. அந்த விதி தளர வேண்டும் என்று நான் நம்பினேன். அவர் தளர்த்த மாட்டார் என்றும் எனக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அவர் விலகுவதையே நான் விரும்பினேன். தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்டபோதே அந்த விருப்பம் எனக்குள் இருந்தது. ஊருக்காக எழுதுகிறேன் என்று அதை மூடி வைத்திருந்தேன். முதல் கோட்டில் என் முழுப்பெயரை எழுதினேன்.

நான் மைதானத்துக்கு இறங்கியபோது அவர் கோல்போஸ்டில் வலை கட்டிக்கொண்டிருந்தார். தாளை வாங்கி முதல் கோட்டை மட்டும் பார்த்தார்.

"சரி. இது கடிதம்."

அன்றும் பையன்களைத்தான் இறக்கினார். ஒரு கோலில் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் விசில் கயிற்றைக் கழற்றிச் சாவியோடு பழைய கெப்டனிடம் கொடுத்தார். வரிசைக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வட்டக் கடிதத்தை என்னிடம் நீட்டி, வீட்டில் வைத்திருக்க வேண்டாம், அடுப்பில் போட்டுவிடுங்கள் என்றார். இன்னும் போடவில்லை.

கொழும்புக்காரர்கள் இப்போது ஆடுகிறார்கள். சில ஆட்டங்களை வென்றோம். சிலவற்றில் பஸ் பிந்தியதால் ஒன்பது பேரோடு தோற்றோம். ஜேர்சி வந்துவிட்டது. பழைய கெப்டன் ஞாயிற்றுக்கிழமை மட்டுமே தோட்டத்தில் இருப்பதால் செவ்வாய்ப் பயிற்சியை நடத்த ஆளில்லை. சில வாரங்கள் போனபின் கொழுந்து நிறுக்கும் இடத்தில் அக்கா என்னைக் கூப்பிட்டார். சுற்றிலும் பெண்கள் நின்றார்கள். அவர் குரலைத் தாழ்த்தவில்லை.

"மொதப் பேரு ஒங்களோடதாமே. அப்ப ஒங்களத்தான் கேக்கணும். செவ்வாக்கெழம சாயங்காலம் எம் மகன் என்னா செய்யணும்னு சொல்லுங்க டீச்சர்."

அடுத்த செவ்வாய் மண்டபத்திலிருந்து பந்துச் சாக்கை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். ஐந்து பையன்கள் வந்தார்கள். அக்காவின் மகனும் வந்தான். எனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. அவர்கள் தெரிந்ததை ஆடினார்கள், நான் இடாப்பில் பெயர் எழுதினேன். வேலை முடிந்து போகிறவர்கள் மேலே தொழிற்சாலைப் பாதையில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர் மட்டும் வரிசையை விட்டு விலகி, பாதை ஓரத்தில் நின்றார். இறங்கி வரவில்லை. பையன்களை எண்ணிப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன்.