பெண் கேட்ட பிரெஞ்சு

லண்டனில் கேஜுன் என்றால் சிவப்புத் தூள். கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட இருந்த கோழிக்கடையில் அதைத் தூவிப் பொரித்து, ‘கேஜுன் சிக்கன்’ என்று பலகை மாட்டி விற்றார்கள். 2009இல் என் தங்கை வந்து நின்று, அக்கா, ஒரு கேஜுன்காரரைக் கட்டப் போகிறேன் என்று சொன்னாள். அதுவரை அதை ஒரு மசாலாவின் பெயர் என்றே நினைத்திருந்தேன். அமெரிக்காவின் தெற்குக் கரையில், லூசியானாவின் சதுப்பு நிலங்களில் தலைமுறை தலைமுறையாகப் பிரெஞ்சு பேசும் ஒரு சனம் இருக்கிறது, அதற்குத்தான் அந்தப் பெயர் என்று அவள்தான் எனக்குச் சொன்னாள்.

பிரெஞ்சு என்றதும் எனக்கு நிம்மதியாக இருந்தது. நாங்கள் பாரிசில் வளர்ந்து லண்டனுக்கு வந்த ஆட்கள். பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று சனமெல்லாம் பாரிசை விட்டுக் கிளம்பிய காலத்தில் நாங்களும் கிளம்பினோம். தாய் தகப்பன் போன பிறகு என்னையும் தங்கையையும் யாழ்ப்பாணத்தில் இருந்து கூப்பிட்டு வளர்த்தது மாமா, அம்மாவின் தம்பி. அவர் லண்டனின் கிழக்குப் பக்கம், செவன் கிங்ஸில் வீடு வாங்கிக் கடையும் போட்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணமும் அவர் வீட்டு ஹோலில் பேசித்தான் முடிய வேண்டும். வளர்த்த கடன் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும் அந்த மனுஷனை நினைத்தால் இப்போதும் எனக்கு ஓங்காளம்தான் வருகிறது. ஏன் என்று சொல்லுகிறேன்.

மாமா பாரிசில் கோப்பை கழுவினவர். உணவகத்தின் நிலக்கீழ் அறையில் கழுவிக் கழுவி விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. விசா அலுவலாகப் போகும்போது பள்ளிக்கூடத்துக்கு விடாமல் மறித்து என்னையும் கூட்டிக்கொண்டு போவார். ஒருநாள் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண், அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னாள். சொன்னார். இன்னொருமுறை என்றாள். பிறகு பக்கத்து மேசைக்காரியைப் பார்த்து அவர் சொன்னது போலவே சொல்லிக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். மாமாவின் காது மடல் சிவந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

நாங்கள் ‘ர’வை நாக்கு நுனியால் சொல்வோம். பாரிஸ்காரர் தொண்டையால் காறுவார்கள். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு மாமா குளியலறையில் தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்துக் கொப்பளித்து அந்த ‘ர’வைப் பழகினார். வெளியே நாங்கள் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம், மாமி அதட்டுவா. கடைசியில் பழகியும் விட்டார். பிரெஞ்சுக் குடியுரிமையும் எடுத்தார். லண்டனுக்கு வந்த பிறகோ ஆளைப் பிடிக்க முடியாது. கடை ரொட்டியைப் பிய்த்துப் பார்த்துவிட்டுச் சொல்லுவார்: "இங்கத்தைப் பாணும் ஒரு பாணோ? இவங்களுக்குச் சாப்பிடவும் தெரியாது, கதைக்கவும் தெரியாது." கடைக்கு வருகிற சனத்துக்கெல்லாம் பொன்ஜூர் சொல்லுவார். ஆங்கிலம் சுத்தமாக வராது, அது வேறு கதை.

மாப்பிள்ளை தேம்ஸ் படகுகளுக்கு எஞ்சின் திருத்துகிறவர். படகுத் துறையடிக் கோப்பிக் கடையில் என் தங்கை வேலை செய்தாள். அவள் ஒருநாள் என்னோடு போனில் பிரெஞ்சில் சண்டை பிடித்துக்கொண்டு நின்றதைக் கேட்டுத்தான் அவர் முதன்முதலில் கதை கொடுத்தாராம். எங்கள் வீட்டுக்கு வந்து அவர் வாய் திறந்தபோது நான் திகைத்துப் போனேன். அந்த ‘ர’ நாக்கு நுனியில் துள்ளியது, அசல் எங்களுடைய ‘ர’! காருக்குப் பாரிசில் ‘வுவாத்யூர்’ என்போம், அவர் ‘ஷார்’ என்றார். இப்போது என்பதற்கு நாங்கள் ‘மாந்த்னோ’ என்றால் அவர் ‘அஸ்தேர்’ என்றார். பிரான்சில் நாட்டுப்புறத்துக் கிழடுகளின் வாயில் மட்டும் மிஞ்சிக் கிடக்கிற சொல் அது. சப்பாத்து நாடாவைக் கட்டுவதற்குக் கப்பலைக் கட்டுகிற சொல்லைச் சொன்னார். எல்லாரையும் நீ என்றே கூப்பிட்டார். அவர்கள் ஊரில் அது மரியாதைக் குறைவு இல்லையாம். கொஞ்ச நேரத்தில் காது பழகிவிட்டது. சென்னைக்காரர் ஒருவர் எங்கள் தமிழைக் கேட்டுத் தலையைச் சொறிவது எனக்குத் தெரியாததா என்ன.

தன் தகப்பனைப் பற்றி அன்றைக்கு அவர் சொன்னதுதான் முக்கியம். தகப்பன் சின்னப் பிள்ளையாகப் பள்ளிக்கூடம் போன நாளில் அவருக்கு ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாது. பிரெஞ்சு பேசினால் சோளமணியைக் கொட்டி அதன்மேல் முழங்காலில் நிற்க வைப்பார்களாம். அந்த வெட்கத்தில் அவர் தன் பிள்ளைகளோடு ஒருநாளும் பிரெஞ்சு பேசவில்லை. மகன் அதைப் பொறுக்கிக்கொண்டது இறால் படகில், கூட வேலை செய்த வயதாளிகளிடம்.

"இப்ப இவற்ற அப்பா பிரெஞ்சில பேசப் போறார்" என்றாள் தங்கை. அவளுடைய முகம் பூரித்துப்போய் இருந்தது.

கேஜுன்காரரிடம் பழைய வழக்கம் ஒன்று இருக்கிறது. அவர்கள் அதைப் பெரிய கேள்வி என்பார்கள். கல்யாணம் என்றால் மாப்பிள்ளையின் தகப்பன் பெண் வீட்டுப் பெரியவர்கள் முன்னால் முறையாக வாய்விட்டுப் பெண் கேட்க வேண்டும். இந்தக் காலத்தில் அதை ஒருவரும் செய்வதில்லையாம். ஆனால் பெண் வீட்டார் ஆங்கிலத்தை விடப் பிரெஞ்சுதான் நன்றாகப் பேசுவார்கள் என்று மகன் சொன்னதும் அந்த மனுஷன் யோசித்துவிட்டு, அப்படியென்றால் என் தகப்பன் கேட்டது போல நானும் கேட்கிறேன் என்றிருக்கிறார். பிறத்தியார் முன்னால் ஒரு சொல் பிரெஞ்சு பேசாத ஆள். விமானத்தில் வர உடம்பு இடம் கொடுக்காததால் போனில்தான். குசினியில் அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் நடந்து நடந்து மனப்பாடம் செய்கிறார் என்று அவருடைய மனைவி மகனிடம் சொல்லியிருக்கிறா. போனில் பேசத்தான், ஆனாலும் நல்ல சட்டையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாராம். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு கண் கலங்கிவிட்டது.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எல்லாரும் செவன் கிங்ஸில் கூடினோம். மாமா, மாமி, மாமியின் தம்பிமார் இரண்டு பேர், எல்லாரும் பாரிஸ் ஆட்கள். மாப்பிள்ளைக்கு லண்டனில் தட்டம் தூக்க ஆளில்லை. அவர் தன் கையால் ஒரு பெரிய சட்டி நிறையக் கம்போ சமைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். மாவைக் கறுக்க வறுத்து, வெண்டிக்காயும் நண்டும் இறாலும் போட்டுக் காய்ச்சுவது. அவர்கள் ஊரில் ஆம்பிளையும் சமைப்பானாம். மாமி மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன கண்டறியாத சாமான், கறுப்பா வழுவழுவெண்டு கிடக்கு" என்று சொல்லி அதைப் பின்கதவடியில் கொண்டுபோய் வைத்தா. மணம், மீனும் நண்டும் போட்டுக் காய்ச்சுகிற எங்கள் யாழ்ப்பாணத்துக் கூழ் மணம்தான். அவவுக்கு அது மணக்கவில்லையாம்!

மாமா கால்மேல் கால் போட்டுக்கொண்டு மாப்பிள்ளையிடம் வம்சம் விசாரித்தார். அவர் தன் முன்னோர்களை இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் கனடாவில் இருந்து ஆங்கிலேய இராணுவம் கப்பலில் ஏற்றித் துரத்தியதையும், குடும்பங்களைப் பிரித்து வேறு வேறு துறைமுகங்களில் இறக்கியதையும், அப்படிச் சிதறியவர்கள் கடைசியில் லூசியானாவில் ஒதுங்கியதையும் சொன்னார். மாமா எங்கள் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார்.

"அப்ப உவையள் அகதியளோ?"

கேட்டபோது அவருடைய மூக்கு சுளித்தது. எந்த வாயால் கேட்டார் என்று நான் இன்றைக்கும் யோசிக்கிறேன். அந்த வீட்டில் அகதியாக வராத ஒரு ஆள் சொல்லுங்கள் பார்ப்போம்.

போன் வந்தது. எல்லாரும் கேட்கட்டும் என்று மாமாவே ஸ்பீக்கரைப் போட்டார். தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது. பிறகு அந்தக் குரல். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, வகுப்பில் எழுந்து நின்று ஒப்புவிக்கும் பிள்ளை மாதிரி. தன் பெயரைச் சொன்னார், தன் தகப்பனின் பெயரைச் சொன்னார், மகன் உழைப்பாளி, குடிக்க மாட்டான் என்றார். பிறகு மூச்சு எடுத்துக்கொண்டு, "அஸ்தேர் நான் உன்னட்டக் கேக்கிறன்" என்று தொடங்கினார்.

மாமா கையால் போனைப் பொத்தினார். பொத்திக்கொண்டு, நாக்கை உருட்டி, "அஸ்தேர்! அஸ்தேர்ர்ர்!" என்றார். "மாடு மேய்க்கிறவன்ர பிரெஞ்சு. என்னை நீ எண்டுறான், கேட்டியளே?" மாமியின் தம்பிமார் வெடித்துச் சிரித்தார்கள். மாமி சீலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினா. ஸ்பீக்கர் போட்ட போனைக் கையால் பொத்தினால் என்ன கேட்காமல் போகுமா? அந்த வருஷம் வைகாசிக்குப் பிறகு எங்கள் சனத்தின் வீடுகளில் ஒருவரும் வாய்விட்டுச் சிரித்ததில்லை. ஊரில் போரின் முடிவில் அத்தனை பேர் செத்திருந்தார்கள், சாப்பாட்டு மேசையில்கூட ஆளை ஆள் பார்க்க மாட்டோம். அப்படிக் கிடந்த வீட்டில் முதல் சிரிப்பு இதற்குத்தான் வந்தது. தூ.

"வாயைப் பொத்துங்கோ மாமா! உங்கட ‘ர’வை நீங்கள் எங்க கொப்பளிச்சனீங்கள் எண்டு நான் சொல்லட்டோ?" என்று கத்திவிட்டேன். மாமியின் தம்பி ஒருத்தன், "பிள்ளை, ச்சும்மா பகிடிக்கு" என்றான். பகிடியாம்!

மாப்பிள்ளை எழுந்து நின்று "பப்பா, பப்பா" என்றார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனால் தன் தகப்பனின் சொல் இன்னொருத்தன் வாயில் நெளிந்ததைக் கேட்கத் தமிழ் தெரிய வேண்டியதில்லையே. கடைசியில் அங்கிருந்து பதில் வந்தது, ஆங்கிலத்தில். "ஐ ஆம் சாரி, சார்." தன் பிரெஞ்சு நல்ல பிரெஞ்சு இல்லை, சிரமம் தந்ததற்கு மன்னிக்க வேண்டும் என்று சொன்னார். அவ்வளவுதான், வைத்துவிட்டார். கேட்க வந்ததை அவர் கேட்கவே இல்லை.

தங்கை தன் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். "உங்களிட்ட ஒருத்தரும் பொம்பிளை கேக்கத் தேவையில்லை மாமா. நான் போறன்." இரண்டு பேரும் வெளியே போனார்கள். நான் பின்கதவடிக்குப் போய்ச் சட்டியைத் தூக்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் போனேன். ரயிலில் சட்டியை மடியில் வைத்தபடி வந்தோம்.

அடுத்த சித்திரையில் கவுன்சில் மண்டபத்தில் பதிவுக் கல்யாணம். தகப்பன் மருந்து மாத்திரையோடு எப்படியோ விமானம் ஏறி வந்திருந்தார். உயரமான மனுஷன், கழுத்துப் பட்டன் வரை பூட்டிய வெள்ளைச் சட்டை. சொந்தம் விட்டுப்போகக் கூடாது என்று தங்கை மாமாவையும் கூப்பிட்டிருந்தாள். நானென்றால் கூப்பிட்டிருக்க மாட்டேன்.

சாப்பாட்டு மேசையில் நான் பெரியவரின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பிரெஞ்சில் சொன்னேன்: இவளுக்கு மூத்தவள் நான். அன்றைக்கு நீங்கள் கேட்க வந்ததை என்னிடம் கேளுங்கள். நான் முறையாகப் பதில் சொல்லுகிறேன், சந்தோஷமாகத் தங்கையைத் தருகிறேன்.

அவருக்கு எல்லாம் விளங்கியது. கண்ணில் தெரிந்தது. உதடு ஒருமுறை அசைந்தது. பிறகு எதிரே மாமா இருக்கும் பக்கம் பார்த்தார். என் கையை மெல்லத் தட்டிக்கொடுத்து, "நோ, மேம். தட்ஸ் ஓல் ரைட்" என்றார். அதற்குப் பிறகு குனிந்து சாப்பிடத் தொடங்கினார்.

மாமா கோழிக்காலைக் கடித்துக்கொண்டே மேசைக்கு மேலால் என் பக்கம் சரிந்தார்.

"பாத்தியே பிள்ளை, நான் அப்பவே சொன்னனான். அந்தாளுக்குப் பிரெஞ்சு தெரியாது."