புதுநன்மையும் கறுப்புத் திரையும்

டெர்மினலுக்குள் ஏஐ வந்த நாளிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டளையில் ஒரு புள்ளியை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரின் அந்தக் கறுப்புத் திரையோடு அரைநாள் முட்டிக்கொண்டு கிடந்தவள் நான். இப்போது வாயில் வருகிற தமிழை ஆங்கில எழுத்தில் அடித்தாலே போதும். அதுவே என் சர்வரில் உள்ள கோப்புகளைத் திறந்து வாசிக்கிறது, கட்டளையை எழுதுகிறது, 'ஓட்டட்டுமா?' என்று என்னிடம் அனுமதியும் கேட்கிறது. "ஏட்டி, பேசாம அந்தப் பெட்டியையே கெட்டிக்கோ" என்பாள் மைனி, என் அண்ணன் மனைவி. சந்தோஷத்தில் எனக்கு ரோஷம்கூட வரவில்லை.

மைனியின் மகளுக்கு, மண்டைக்காட்டுக்குப் பக்கத்தில் எங்கள் கடற்கரை மாதா கோவிலில் புதுநன்மை; முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குகிற நாள். அண்ணன் குவைத்தில். போய் மூன்று வருஷமாகிறது, லீவு கிடைக்கவில்லை. மகள் நன்மை வாங்குவதை அவன் நேரலையில் பார்க்க என் சர்வரிலேயே ஏற்பாடு செய்தேன். வாசல் பக்கத்துத் தூணில் கேமராவைக் கட்டிவிட்டு, கடைசி பெஞ்சில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். ஊரில் எல்லார் போனிலும் படம் பளிச்சென்று வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிரசங்கம் தொடங்கியபோது அண்ணன் கூப்பிட்டான். இயர்போனில் அவன் குரல் சோர்ந்திருந்தது.

"ஏட்டி, ஒண்ணும் வரல்லியே. சுத்திக்கிட்டே கெடக்கு."

பிரசங்கம் முடிந்தால் கொஞ்ச நேரத்தில் நன்மை. மைனி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். டெர்மினலில் அடித்தேன்: "ஊர்ல எல்லாருக்கும் தெரியுது, குவைத்துல அண்ணனுக்குத் தெரியல. என்னன்னு பாரு." அது ஒவ்வொரு கோப்பாகத் துருவ ஆரம்பித்தது. அந்த வேகத்தைப் பார்க்கவே எனக்கு உடம்பு சிலிர்த்தது. கண்டுபிடித்தும் விட்டது. இந்தியாவுக்கு வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாதபடி ஒரு பூட்டு. போன வாரம் எவனோ வெளிநாட்டிலிருந்து சர்வரை நோண்டுகிறான் என்று ஆத்திரத்தில் நானே போட்டது. பாதி ஊர் வளைகுடாவில் இருக்க, புத்திசாலி செய்த வேலை இது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். முன் பெஞ்சுக்காரர் முறைத்தார்.

'பாதுகாப்பு முழுவதையும் நிறுத்தட்டுமா?' என்று கேட்டது.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா? "வேண்டாம். குவைத்துக்கு மட்டும், நேரலைக்கு மட்டும் திற" என்று அடித்தேன். மறுபேச்சில்லாமல் ஒற்றை வரியை எழுதிக் காட்டியது. நன்றாக வாசித்துவிட்டு என்டரைத் தட்டினேன்.

"வந்துட்டு" என்றான் அண்ணன்.

எனக்கு எழுந்து குதிக்க வேண்டும்போல் இருந்தது. பீடத்துக்கு முன்னால் பெண்பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். எல்லாருக்கும் ஒரே வெள்ளைக் கவுன், ஒரே வெள்ளை முக்காடு, கேமராவுக்கு முதுகு. தினமும் போனில் அவன் பார்ப்பது மகளின் முகத்தை மட்டும்தான்.

"ஏட்டி," என்றான் மெதுவாக, "இதுல எனக்க மோள் ஆரு?"